மகளிர் தொழில், சாலைப் பாதுகாப்பு, ஊராட்சி: ஒரே இடத்தில் சந்திக்கும் மூன்று பொறுப்புகள்

தமிழ்நாட்டில் பெண்களின் சிறுதொழிலுக்கு அரசு அளிக்கும் ஆதரவை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கடன், மானியம், பயிற்சி ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர். சாலைப் பாதுகாப்பை ஆராய்வோர் வாகனம், ஓட்டுநர், சாலையின் கட்டமைப்பு என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றனர். உள்ளாட்சியைப் பற்றி எழுதுவோரின் கவனமெல்லாம் அதிகாரப் பகிர்விலும் நிதிப் பகிர்விலும் செல்கிறது. மூன்றுக்கும் தனித்தனித் துறை, தனித்தனி மானியக் கோரிக்கை, தனித்தனி ஆய்வுக் கூட்டம் என்பதே நிருவாகத்தின் நடைமுறை. ஆனால் நெடுஞ்சாலையோரத்தில் கொய்யாக் கூடையோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் வாழ்வில் இம்மூன்றும் சில மீட்டர் தொலைவுக்குள் சந்தித்துவிடுகின்றன. அவர் கூடையை நிரப்பியது குழுக் கடன். அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது அரசுப் பேருந்து. அவர் அமர்ந்திருக்கும் மண், ஊராட்சியின் எல்லைக்குள் இருந்தும் ஊராட்சியின் ஆளுகைக்குள் இல்லாத நிலம். சாலையின் பாதுகாப்பு அவருடைய தொழில் முதலீட்டின் ஒரு பகுதி என்பதும், அதைக் காக்கும் பொறுப்பில் ஊராட்சிக்கும் ஊரின் பெண்களுக்கும் சட்டப்படியான குரல் வேண்டும் என்பதும் இச்சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து.

இக்கருத்துக்குத் தருமபுரியைக் காட்டிலும் பொருத்தமான களம் வேறில்லை. பெண்களின் பொருளாதார முன்னேற்றத்துக்கெனத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் அந்நாளைய தருமபுரி மாவட்டத்தில் சுயஉதவிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒரே ஊரைச் சேர்ந்த பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை ஒன்றுகூடிச் சிறுகச் சிறுகச் சேமித்து, அச்சேமிப்பிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கி, அந்நாணயத்தின் வலிமையில் பின்னர் வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும் அமைப்பே சுயஉதவிக் குழு என்பது. நபார்டு வங்கி நாடு முழுவதற்குமாகக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை 1992-இல்தான் தொடங்கியது என்பதை நோக்கத் தருமபுரியின் முன்னோடித் தன்மை விளங்கும். 1997-98-இல் மகளிர் திட்டம் என்னும் பெயரில் இம்முயற்சி மாநிலத் திட்டமாக விரிந்தது. குழுவை வழிநடத்தும் ஊக்குநர், உடனிருக்கும் பிரதிநிதிகள், தவறாமல் எழுதப்படும் தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு ஆகியவை இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்கள் அனைத்துக்கும் பழகியவை.

இதே தருமபுரியின் வழியாகத்தான் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில், தொப்பூர்க் கணவாயின் சரிவில், டீசலை மிச்சப்படுத்துவதற்காக வண்டியை நியூட்ரலில் இறக்கும் பழக்கத்தாலும், நெடுந்தொலைவுக்குப் பிரேக்கை அழுத்தியபடியே வருவதால் அது சூடேறிச் செயலிழப்பதாலும், சரக்கு லாரிகள் முன்னால் செல்லும் வாகனங்களின்மீது மோதும் விபத்துகள் பல நிகழ்ந்துள்ளன. பாலக்கோட்டுத் தக்காளியும் காவேரிப்பட்டணத்து மாங்காயும் சந்தைக்குச் செல்வதும் இந்த வட்டாரத்துச் சாலைகளின் வழியேதான். பெண்களின் கூட்டுச் சேமிப்பு இயக்கத்துக்குத் தொட்டிலாக அமைந்த மண்ணும், மாநிலத்தின் அச்சந்தரும் சாலைப் பகுதிகளுள் ஒன்றும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், குழுக்களுக்கான திட்ட ஆவணமும் சாலைக்கான திட்ட ஆவணமும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்திருக்கின்றன.

கடனுதவியின் அளவு இன்று சிறிதன்று. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகப் பகுதியில் தொழில் தொடங்கும் பெண் தம் பங்காகத் திட்டச் செலவில் 5 விழுக்காடு செலுத்தினால் போதும். மானியம் 35 விழுக்காடு. 2016-இல் தொடங்கிய ஸ்டாண்டு அப் இந்தியா திட்டம், 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான கடனை வங்கிக் கிளை ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு பெண்ணுக்காவது வழங்க வேண்டும் என்று வகுத்தது. எனினும் இவ்வுதவிகள் எவற்றிலும் காணப்படாத செலவு ஒன்று உண்டு. அது வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்கும் உயிருக்கும் உடலுக்கும் கேடின்றிச் சென்று வருவதற்கான செலவு.

அச்செலவின் ஒரு பாதியை அரசு கண்டுகொண்டதற்குச் சான்று 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். பின்னர் விடியல் பயணம் எனப் பெயர் பெற்ற இத்திட்டத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம். இதனால் பெண்ணொருவருக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. சிறு வணிகம் செய்யும் பெண்ணுக்கு இத்தொகை வெறும் சேமிப்பு மட்டுமன்று. பயணச் செலவு இல்லாமையால் அவர் அருகிலிருக்கும் இடைத்தரகரிடம் வாங்குவதை விடுத்து மொத்தச் சந்தைக்கே செல்ல முடிகிறது. விலை கட்டுப்படியாகாத நாளில் சரக்கைத் திருப்பிக்கொண்டுவரவும் முடிகிறது. கொடுப்பதா வேண்டாவா என்று முடிவெடுக்கும் உரிமையை அவருக்கு வழங்கியது பேருந்துதான். தொழில் ஆதரவு என்னும் தலைப்பின் கீழ் வராத இத்திட்டம், அத்தலைப்பின் கீழ் வரும் பல திட்டங்களைக் காட்டிலும் பெண்களின் வணிகத்துக்கு மிகுதியாகத் துணைசெய்திருக்கிறது என்று துணிந்து கூறலாம்.

ஆயினும் பேருந்து இறக்கிவிடும் இடத்தோடு இவ்வாதரவு முடிந்துவிடுகிறது. நான்குவழிச் சாலை ஓர் ஊரை இரண்டாகப் பிளக்கும்போது, குடியிருப்பு ஒரு புறமும் நியாயவிலைக் கடை, பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகியவை மறுபுறமும் அமைந்துவிடுவதுண்டு. சுரங்கப்பாதை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், தலைச்சுமையோடு வரும் பெண் ஒரு கிலோமீட்டர் சுற்றி நடக்க வேண்டும். அவர் அதைச் செய்யாமல் மையத்தடுப்பின் இடைவெளியில் குறுக்கே கடப்பார் என்பதை முன்கூட்டியே உணர்ந்து வடிவமைப்பதே நல்ல பொறியியல். கணக்கு எளியது. ஒரு திசைக்குரிய இரு தடங்களின் அகலம் ஏறத்தாழ 7 மீட்டர். சுமையோடு நடப்பவர் நொடிக்கு 0.9 மீட்டர் கடப்பதாகக் கொண்டால், அதைத் தாண்ட அவருக்கு எட்டு நொடி ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் அந்த எட்டு நொடிக்குள் ஏறத்தாழ 178 மீட்டர் வந்துவிடும். அந்திப்பொழுதில், எதிர்வரும் முகப்பு விளக்குகளின் கூச்சத்தில், 178 மீட்டருக்கு அப்பாலிருக்கும் வாகனத்தின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடுவது எவர்க்கும் அரிது. இத்தகைய இடத்தில் உயிரிழந்தவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று எழுதி முடிக்கும் வழக்கம் நீதியானதன்று. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது என உலக நலவாழ்வு நிறுவனம் சுட்டுகிறது. ஆகவே வேகத்தைக் குறைக்கும் கடமை சாலையை அமைத்தவருடையதேயன்றிக் கடப்பவருடையது ஆகாது.

ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகளும் 17,884 இறப்புகளும் இங்குப் பதிவாயின. நாடு முழுவதும் இறந்தவர்களுள் பெண்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர் என்பதைக் கொண்டு, சாலை விபத்து ஆண்களின் துயரம் என்று கருதிவிடக்கூடாது. இறந்தோருள் 83 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் 18 முதல் 60 வயது வரையிலான உழைக்கும் பருவத்தினர். அவர்களை நம்பியிருந்த குடும்பத்தின் பாரம் பெண்ணின் தோளில்தான் இறங்குகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் உலக வங்கியும் சேவ்லைஃப் அறக்கட்டளையும் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு, விபத்துக்குள்ளான குடும்பங்களின் பெண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் வருமான வீழ்ச்சியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகக் கண்டது. 40 விழுக்காட்டினர் தங்கள் வேலைமுறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. சுயஉதவிக் குழுவின் கடன் பதிவேட்டில் ஓர் உறுப்பினரின் தவணை திடீரென நின்றுபோவதற்குப் பின்னே, படுத்த படுக்கையாகிவிட்ட கணவரோ மகனோ இருக்கக்கூடும். வங்கியின் கணக்கில் அது வாராக்கடன். அவர் வீட்டில் அது விற்கப்பட்ட ஆடு, மூடப்பட்ட இட்லிக்கடை.

இந்த இடத்தில் அரசு செய்திருக்கும் நற்பணி ஒன்றைத் தயக்கமின்றிப் பாராட்ட வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டின் எல்லைக்குள் விபத்தில் காயமுற்ற எவர்க்கும், அவர் எந்த மாநிலத்தவராயினும் எந்த நாட்டவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1 இலட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பின்னர் 2 இலட்சமாக உயர்த்தப்பட்டது. விபத்து நடந்த இரவில் தாலியை அடகு வைக்க ஓடும் நிலையிலிருந்து எத்தனையோ பெண்களை இத்திட்டம் காத்திருக்கிறது. 49-ஆவது மணியிலிருந்து தொடங்கும் மாதங்களைப் பற்றித்தான் இனி எண்ண வேண்டியுள்ளது: கவனிப்புக்காகப் பெண் வீட்டிலேயே இருக்கும் நாள்களில் அவருடைய தொழிற்கடனின் தவணையைத் தள்ளிவைக்கும் விதி குழுக்கடன் ஒப்பந்தங்களில் இடம்பெறுமாயின், மருத்துவத் துறையும் மகளிர் மேம்பாட்டு நிறுவனமும் முதன்முறையாக ஒரே குடும்பத்தை ஒருசேரக் கண்டதாக அமையும்.

பெண்கள், சாலைப் பாதுகாப்பு, உள்ளூர்ச் சமூகம் ஆகிய மூன்றும் நேருக்கு நேர் சந்தித்த நிகழ்வு ஒன்று தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றில் உண்டு. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இயங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. 20,000-க்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு இத்தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. சாலைப் பாதுகாப்பின் நோக்கில் இது பெருவெற்றி. ஆனால் மூடப்பட்ட கடைகளுக்கு மாற்றிடம் தேடியபோது, அவ்விடங்கள் பல சிற்றூர்களின் உட்பகுதியில் அமைந்தன. நெடுஞ்சாலையிலிருந்து அகற்றப்பட்ட ஆபத்து, பள்ளிக்குச் செல்லும் வழிக்கும் பெண்கள் வேலை முடித்துத் திரும்பும் பாதைக்கும் வந்து சேர்ந்தது. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் உள்ளிட்ட பல ஊர்களில் பெண்கள் முன்னின்று மறியல் செய்தனர். கிராம சபைகளில் கடை வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றச் செய்தனர்.

அந்த மாதங்களில் ஊராட்சிகளின் நிலை என்ன என்பதைக் கருத்தில் கொண்டாலன்றி இந்நிகழ்வின் முழுப்பொருள் விளங்காது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016-லேயே நிறைவேறியிருந்தும், அவ்விடங்களில் அமர்ந்து பேச ஒரு பெண்ணும் இல்லாமல், தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிருவகித்த காலம் அது. மன்றத்தில் ஒலிக்க வேண்டிய குரல் தெருவில் ஒலித்தது என்றால், அதற்குப் பெண்கள் பொறுப்பாகார். தேர்தல் தள்ளிப்போவதை நிருவாக வசதி என்ற அளவில் ஏற்றுக்கொள்வோர் இவ்விழப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊராட்சி மன்றம் முழுமையாக இயங்கும் காலத்திலும் சாலையைப் பொறுத்தவரை அதன் கை கட்டுண்டே இருக்கிறது. அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. சாலைகள், சந்தைகள், மகளிர் மேம்பாடு ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. நடைமுறையிலோ தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசின் வசமும், மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் வசமும் இருக்க, ஊராட்சிக்கு எஞ்சுபவை ஊர்த்தெருக்களும் இணைப்புச் சாலைகளுமே. ஊரார் உயிரிழக்கும் சாலையில் ஒரு வேகத்தடை வேண்டுமென்றால், ஊராட்சித் தலைவர் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியவராகிறார். காத்திருந்து சலித்த ஊரார் தாங்களே சிமென்டைக் குவித்து மேடு கட்டிவிடுவதும் உண்டு; இந்தியச் சாலைக் குழுமத்தின் நெறிமுறை கூறும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்சரிவான வளைவாக இருக்க, இவர்கள் கட்டும் குறுகிய செங்குத்து மேடு இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவரைத் தூக்கி எறிகிறது. அதிகாரம் மறுக்கப்பட்ட இடத்தில் நல்லெண்ணமும் ஆபத்தாகிவிடுகிறது.

'கரும்புள்ளி' என்னும் கருத்தாக்கத்தையும் இங்கு ஆராய வேண்டும். தேசிய நெடுஞ்சாலையின் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த ஐந்து விபத்துகள் அல்லது பத்து இறப்புகள் நிகழ்ந்திருந்தால் அவ்விடம் கரும்புள்ளி எனக் குறிக்கப்பட்டுச் சீரமைப்புக்குத் தகுதி பெறுகிறது. நிதியை முறைப்படி ஒதுக்க இத்தகைய வரையறை தேவையே. ஆனால் போதிய எண்ணிக்கையில் மக்கள் மடியும் வரை ஓரிடத்தின் ஆபத்தை அரசு அறியாது என்பதே அதன் உட்பொருள். நாள்தோறும் விடியற்காலையில் பால் கேனோடும் கீரைக் கட்டோடும் அச்சாலையைக் கடக்கும் பெண்கள், எந்த வளைவில் லாரி தெரிவதில்லை, எந்த விளக்கு மாதக்கணக்கில் எரியவில்லை, எந்த நிறுத்தத்தில் பேருந்து தள்ளி நின்று தங்களைச் சாலைக்குள் இறங்கவைக்கிறது என்பவற்றை எந்தப் பதிவேட்டுக்கும் முன்பே அறிந்திருக்கின்றனர். நூலிழையில் தப்பிய நிகழ்வுகள் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையில் ஏறுவதில்லை; குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஏறலாம். ஊராட்சி அளவிலான குழுக் கூட்டமைப்பு அக்குறிப்புகளைத் தொகுத்து, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பும்போது, அதற்குக் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் மறுமொழி தரும் கட்டாயம் விதிக்கப்படுமாயின் போதும். பெருஞ்செலவு ஏதும் வேண்டாத மாற்றம் இது.

சாலையோரத்தில் விற்பவரை அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு என்னும் எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு இடத்தையும், அவ்விடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கும் அளிக்கிறது. ஆனால் அச்சட்டம் நகர்ப்புறத்துக்கே உரியது. மாம்பழப் பருவத்தில் நெடுஞ்சாலையோரம் கூடை வைக்கும் சிற்றூர்ப் பெண்ணுக்கு அப்பாதுகாப்பு இல்லை. வாகனங்கள் பிரதான தடத்தை விட்டு விலகி நிற்கப் போதிய இடமும், நிழற்கூரையும், விளக்கும், கழிப்பறையும் கொண்ட விற்பனைத் திடல்களை அணுகுசாலையோரம் அமைத்து, ஊராட்சியின் பொறுப்பில் குழுக்களுக்கு ஒதுக்குவது, திடீரென நிற்கும் கார்களால் நிகழும் விபத்தையும் குறைக்கும், அவருடைய வணிகத்தையும் நிலைநிறுத்தும்.

இறுதியாக, இழப்பீட்டுச் சட்டம் பெண்ணின் உழைப்பை எவ்வாறு விலை மதிக்கிறது என்பதையும் நோக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய இரண்டாம் அட்டவணை, வருமானம் இல்லாத மனைவியின் மதிப்பை ஈட்டும் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கொண்டது. 2010-இல் அருண்குமார் அகர்வால் வழக்கிலும் 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு உரிய மதிப்பை வலியுறுத்தியது. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குட்பட்டவராயின் அவர் வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காட்டைக் கூட்ட வேண்டும் என்பது 2017-இன் பிரணய் சேதி தீர்ப்பு.

36 வயதில் விபத்தில் இறந்த ஒரு பெண் வியாபாரி மாதம் 9,000 ரூபாய் ஈட்டியதாக மெய்ப்பிக்கப்பட்டால், 40 விழுக்காடு கூட்ட 12,600, ஆண்டுக்கு 1,51,200, அவரை நம்பியிருப்போர் மூவர் எனில் சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க 1,00,800, அவர் வயதுக்குரிய பெருக்கெண்ணான 15-ஆல் பெருக்க, வருமான இழப்பு மட்டும் 15,12,000 ரூபாய். சான்றில்லாமையால் தீர்ப்பாயம் மாத வருமானத்தை 4,500 எனக் கருத்தளவில் கொண்டால் அது சரிபாதியாகிவிடும். ரசீதும் வருமான வரிக் கணக்கும் இல்லாத வியாபாரத்துக்குச் சான்றாக நிற்கவல்லவை குழுவின் சேமிப்புப் பதிவேடும், வங்கியின் கடன் கணக்கும், ஒழுங்காகச் செலுத்திய தவணைகளுமே. 2019-இன் திருத்தம் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடுவை மீண்டும் விதித்து 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்ததால், துக்கத்தில் கழியும் மாதங்களே உரிமைக்கும் கெடுவாகிவிட்டன. ஆகவே கணக்கெழுதும் பயிற்சியோடு, அக்கணக்கு எந்த நீதிமன்றத்தில் எதற்குப் பயன்படும் என்பதையும் ஊக்குநர்களுக்குக் கற்பிக்கும் பணியை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏற்க வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமான வரம்பு ஏதுமின்றி, பெண் என்ற ஒரு தகுதியாலேயே ஒவ்வொருவரும் அங்குக் கட்டணமில்லா வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம்.